பாதைப் புத்தகத்தில் நான் எழுதிய மேற்படி

போன மாதம் எங்கள் திணைக்களத்தில் ஊழியர்களுக்கு ஒருநாள் பயிற்சி வைத்தார்கள். "நோக்கமுள்ள வாழ்வுக்கான மனப்பாங்கு" என்று சுவரில் பெரிய எழுத்தில் ஒட்டியிருந்தது. ஓய்வுபெற்று ஒரு வருடமான என்னையும் மரியாதைக்குக் கூப்பிட்டு முன்வரிசைக் கதிரையில் இருத்தினார்கள். பயிற்சி தந்தவர் நல்ல பிள்ளை. கண்ணை மூடி, மூச்சை இழுத்துவிட்டு, பத்து வருடத்துக்குப் பிறகு எங்கே நிற்கப்போகிறோம் என்று நினைத்துப் பார்க்கச் சொன்னார். கண்ணை மூடினேன். எனக்கு ஊர்காவற்றுறை இறங்குதுறைதான் தெரிந்தது. பத்து வருடத்துக்குப் பிறகும் அங்கேதான் நிற்பேன் என்று எண்ணியதும் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்தில் இருந்தவர் நான் நித்திரையில் சிரிக்கிறேன் என்று நினைத்து முழங்கையால் இடித்தார்.

தேநீர் இடைவேளையில் ரவி வந்தார். இப்போது என் இடத்தில் வேலை செய்பவர், இரண்டு பிள்ளைகளின் தகப்பன்.

"அண்ணை, குறை நினையாதேங்கோ. அக்கரைக்குப் பத்து நிமிசம், இக்கரைக்குப் பத்து நிமிசம். இதையே இருபத்தெட்டு வருசம் செய்தனீங்கள். அலுக்கேல்லையோ? உவர் சொல்லுற நோக்கம் கீக்கம் ஏதும் உங்களுக்கு இருந்ததோ?"

"பயணப் புத்தகத்தை ஒழுங்கா எழுதும். தெரியாட்டித் தெரியாது எண்டு எழுதும்" என்றேன். கிழவன் கேள்வியிலிருந்து நழுவுகிறான் என்று அவர் முகத்தில் எழுதியிருந்தது. நழுவவில்லை. என்னிடம் இருந்த முழுப் பதிலும் அதுதான். அதற்கு விளக்கம் சொல்ல ஒரு கோப்பைத் தேநீர் போதாது, ஆகவே எழுதுகிறேன்.

எங்கள் பக்கத்தில் பாதை என்றால் தெரு மட்டும் அல்ல. ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் நடுவில் உள்ள கடல் துண்டில் ஆட்களையும் சைக்கிளையும் மோட்டார்சைக்கிளையும் ஏற்றி இறக்கும் தட்டையான மிதவைக்கும் பாதை என்றுதான் பெயர். நான் அதை ஓட்டியவன். என் தகப்பனும் அண்ணன்மாரும் கடற்றொழிலாளர். விடிய முன்னம் போய் மீனோடு வருகிறவர்களுக்கு நடுவில், நாள் முழுக்கக் கடலில் நின்றும் ஒரு சூடை மீன்கூடக் கொண்டுவராத ஒருவன் நான். "இவன் கடலுக்குப் போறேல்லை, கடலைத் தாண்டுறான்" என்று என் அப்பு வருகிறவர் போகிறவர் எல்லோருக்கும் சொல்லிச் சிரிப்பார். நானும் சிரித்தேன், உள்ளுக்குள் சுட்டது.

பழகிய காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மூன்று வருடம் கயிறு எறிந்தேன், பலகை இறக்கினேன், இயந்திரத்துக்கு எண்ணெய் விட்டேன். பிறகு ஓட்டக் கொடுத்தார்கள். ஓட்டுவது பெரிய வித்தை இல்லை, கரையில் அணைப்பதுதான் வித்தை. தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று அடிக்கும் நாட்களில் இறங்குதுறையை நேரே பார்த்து விட்டால் பாதை அதைத் தாண்டிப் போய்விடும். காற்று வருகிற பக்கமாகத் தள்ளிப் பிடித்து, இயந்திரத்தை நேரத்தோடு குறைத்து, மிச்சத்தைக் காற்றின் கையில் விடவேண்டும். பாதை தானாக வந்து ஒட்டும்போது கயிறு கட்டையில் விழவேண்டும். மோட்டார்சைக்கிள்கள் நடுவில், சைக்கிள்கள் ஓரத்தில். இறங்கும்போது நடந்து வந்தவர்கள் முதலில், சில்லு உள்ளவை பிறகு. இருபத்தெட்டு வருடத்தில் என் பாதையில் ஒருவருக்கும் காலில் கீறல்கூட விழவில்லை. இதை நான் பெருமையாகத்தான் சொல்கிறேன்.

ஆனால் ரவி கேட்ட அலுப்பு எனக்கும் வந்தது. பத்துப் பன்னிரண்டு வருடத்தில் வந்தது. கை தன்பாட்டில் ஓட்டும், கண் தன்பாட்டில் திறந்திருக்கும், நான் எங்கேயோ இருப்பேன். அக்கரைக்கு வந்துவிட்டோமா இக்கரைக்கு வந்துவிட்டோமா என்பதை இறங்குகிற ஆட்களைப் பார்த்துத்தான் அறிந்துகொள்வேன்.

அந்த நேரத்தில்தான் அனுசியா மிஸ் எங்களுக்கு மேலதிகாரியாக வந்தார். எனக்கு நாற்பத்தைந்தை எட்டும் வயது, அவருக்கு முப்பதுக்குள். வவுனியாப் பக்கத்துப் பிள்ளை, கடலைக் கண்டால் பயம். பாதையில் ஏறினால் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்தபடி, எதிர்க்கரையை முறைத்துப் பார்த்துக்கொண்டு நிற்பார். ஆனாலும் வாரத்தில் ஒரு நாள் தவறாமல் வந்து ஏறுவார். ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை. எங்கள் பயணப் புத்தகத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை வாசிக்காமல் கையெழுத்து வைக்கமாட்டார். அவருக்கு முன்னம் இருந்தவர்கள் பக்கத்தைப் புரட்டுகிற வேகத்தில் கையெழுத்து வைத்துவிட்டுப் போவார்கள், ஆகையால் இது எங்களுக்குப் புதுமையாக இருந்தது.

வந்து இரண்டாம் மாதம் ஒரு செய்தியோடு வந்தார்.

"அண்ணை, மத்தியானப் பாதையை நிப்பாட்டுற யோசனை மேலை இருக்கு. ஆக்கள் காணாதாம். நாலைஞ்சு பேருக்காக எண்ணெய் எரிக்க ஏலாதாம்."

"ஆக்கள் குறைவுதான் மிஸ்."

"அந்த நாலைஞ்சு பேரும் என்னத்துக்கு வருகினம்?"

"அது எனக்கெப்பிடித் தெரியும்?"

அவர் புத்தகத்தைத் திறந்தார். நேரம், ஆட்கள், வாகனம் என்று மூன்று பத்திகள் இருந்தன. அடிமட்டம் வைத்து நாலாவதாக ஒரு கோடு கீறி, மேலே "அலுவல்" என்று எழுதினார்.

"மற்றப் பயணங்களுக்கு ஒராளின்ரை அலுவலை எழுதினாப் போதும். மத்தியானப் பாதைக்கு மட்டும் எல்லாரையும் எழுதுங்கோ. பேர் வேண்டாம். தெரியாட்டித் தெரியாது எண்டு எழுதுங்கோ. நிப்பாட்டினா என்ன நிக்கும் எண்டு மேலை உள்ளவைக்குக் காட்டவேணும்."

எனக்கு எரிச்சல் வந்தது. வவுனியாப் பிள்ளைக்கு எங்கள் தீவுச் சனத்தின் பழக்கம் தெரியாதாக்கும் என்று நினைத்தேன். ஒரு காரியமாக வெளிக்கிட்டுப் போகிறவரை மறித்து "எங்கை போறியள், என்னத்துக்கு?" என்று இங்கே ஒருவரும் கேட்பதில்லை. கேட்டால் காரியம் கெட்டுவிடும் என்பார்கள், அந்தப் பயணத்தையே விட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்புகிறவர்களும் இருக்கிறார்கள். மிஞ்சிப்போனால் "தூரமோ?" என்று கேட்போம். அவர் "கிட்டத்தான்" என்றோ "ஓம், கொஞ்சம் தூரந்தான்" என்றோ சொல்வார். அதற்கு மேல் கதை இல்லை. இதை மிஸ்ஸிடம் சொன்னேன்.

"தெரியும் அண்ணை. எங்கடை பக்கமும் அப்பிடித்தான். கேக்கச் சொல்லேல்லை. பாருங்கோ."

அந்தச் சொல் என்னைக் கொஞ்சம் சீண்டிவிட்டது. பார்க்கத் தொடங்கினேன். முதல் வாரம் ஒன்றும் பிடிபடவில்லை. பிறகு கைகள் பேசத் தொடங்கின, பைகள் பேசத் தொடங்கின. சட்டைப் பையில் சுண்ணக்கட்டித் தூள் இருந்தால் ஆசிரியர். சீலைத் தலைப்பில் கிளினிக் கொப்பியைச் சுற்றிப் பிடித்திருந்தால் ஆசுப்பத்திரி. மெழுகுதிரிக் கட்டோடு வருகிறவருக்கு மாதா கோயிலில் நேர்த்தி. மடிப்புக் குலையாத வேட்டியும் பையில் சாதகக் கட்டுமாக இருவர் வந்தால் கல்யாணப் பேச்சு. ஒருநாள் ஒரு பெரியவர் கடலைப் பார்த்துக்கொண்டு வாய்க்குள் பேசிக்கொண்டே வந்தார், இடைக்கிடை ஒரு விரலை நீட்டினார். "சம்பந்தியோடு சண்டைக்குப் போகிறார், பாடமாக்குகிறார்" என்று எழுதினேன். பின்னேரப் பாதையில் அவர் அதே விரலை நீட்டிக்கொண்டு அந்தச் சண்டையை எனக்கே முழுக்கச் சொல்லி முடித்தார். என் கணிப்பு அச்சொட்டாக இருந்தது. மிஸ் அந்தப் பக்கத்தை வாசித்துவிட்டுக் கம்பியை விட்டு வாயைப் பொத்திச் சிரித்தார். கம்பியை அவர் விட்டதை அன்றுதான் கண்டேன்.

எனக்கு வேலை பிடித்துவிட்டது. காலையில் சட்டைப் பொத்தானைப் பூட்டும்போதே இன்றைக்கு ஆர் வருவார்கள் என்று மனம் ஓடும். பாதை அதே பாதை, கடல் அதே கடல். ஆனால் நான் கொண்டுபோவது இரும்புத் தட்டை அல்ல, ஒருவரின் பிரசவத் திகதியையும் இன்னொருவரின் வழக்கையும் மற்றவரின் நேர்த்தியையும் என்று தெரிந்துவிட்டது. அவர்களின் நோக்கம் என் தோளில் ஏறியதும் எனக்கென்று தனியாக ஒன்று தேடவேண்டிய தேவை இருக்கவில்லை. அந்தக் காலத்தில் கர்வமும் வந்தது. முதல் வாரம் கழிந்த பிறகு அந்தப் புத்தகத்தில் "தெரியாது" என்று ஒரு வரிகூட நான் எழுதவில்லை. அதை மிஸ்ஸும் கண்டுகொண்டார்.

"ஒருத்தரும் தெரியாத ஆள் வாறேல்லையோ அண்ணை?"

"எனக்குத் தப்பாது மிஸ்" என்றேன்.

மத்தியானப் பாதைக்குக் காரைநகரிலிருந்து நாள்தோறும் ஒரு அக்கா வருவார். அறுபது வயது இருக்கும். கையில் நாலு அடுக்குச் சாப்பாட்டுக் கரியர். ஓரமாக நின்று, ஆடாமல், கரியரை இரண்டு கையாலும் முன்னால் பிடித்திருப்பார். ஆசுப்பத்திரியில் அவருடைய மனிசன் படுத்திருந்தார், அதை அங்கே வேலை செய்கிற ஒரு பிள்ளை சொல்லித் தெரியும். "ஆசுப்பத்திரியில் கணவருக்குச் சாப்பாடு" என்று எழுதினேன். அடுத்த நாளும் அதையே எழுதினேன். மூன்றாம் நாள் கை வலித்தது, "மேற்படி" என்று எழுதினேன். அதற்குப் பிறகு மேற்படி, மேற்படி என்று பக்கம் பக்கமாகப் போனது.

இடையில் ஒரு மாதம் அவர் வரவில்லை. மனிசனுக்குச் சுகமாகி வீட்டுக்குக் கூட்டிப் போயிருப்பார் என்று நினைத்தேன். பிறகு மறுபடி அதே கரியரோடு வந்தார். பாவம், திரும்பவும் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள் போல என்று நினைத்து மறுபடி மேற்படி போட்டேன். மிஸ் ஒருநாள் அந்த வரிகளில் பேனையை வைத்தார்.

"இந்த மேற்படி என்ன?"

"ஒரே ஆள், ஒரே அலுவல் மிஸ்."

"ஒரே நாளோ?" என்று கேட்டுவிட்டுப் பக்கத்தைப் புரட்டினார். நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

அதற்கு அடுத்த மாதம் தலைமைக் காரியாலயத்திலிருந்து ஒரு பெரிய அதிகாரி வந்தார். மத்தியானப் பாதையில் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு முடிவு எழுதப்போகிறார் என்று மிஸ் முதல்நாளே சொல்லிவிட்டார். "அண்ணை, நாளைக்கு நீங்கள்தான் கதைக்கவேணும். புத்தகம் உங்கடை" என்றார். நல்ல கூட்டம் வரவேண்டும் என்று மாதாவை மன்றாடினேன். மாதா ஐந்து பேரை அனுப்பினார்.

காரைநகர்க் கரையில் அதிகாரி ஏறி நின்று ஐந்து பேரையும் கண்ணால் எண்ணினார். கெட்ட மனிதர் இல்லை. ஆறுதலாகத்தான் கேட்டார்.

"உந்த அஞ்சு பேருக்காக ஒரு பயணம் ஓடவேணுமோ? பின்னேரப் பாதையிலை போனா என்ன?"

கயிற்றை விட்டு, பாதையைத் திருப்பிக்கொண்டே சொல்லத் தொடங்கினேன். எனக்குப் பக்கத்தில் மிஸ் வழக்கம்போல இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்திருந்தார்.

"ஐயா, அந்தா நிக்கிற தங்கச்சி காலமை காரைநகரிலை படிப்பிச்சுப்போட்டு, பின்னேர வகுப்புக்கு எங்கடை பக்கம் போறா. இந்தப் பெரியவருக்கு இண்டைக்குக் கண் கிளினிக், ரண்டு மணிக்குப் பூட்டிப்போடுவினம். இந்தத் தம்பியின்ரை சாக்கிலை இருக்கிறது வள்ளத்தின்ரை இயந்திரச் சாமான். இப்ப குடுத்தாத்தான் நாளைக்குத் தொழிலுக்குப் போகலாம். அந்தப் பிள்ளை பிரதேச செயலகத்துக்குப் பிறப்புப் பத்திரம் எடுக்கப் போறா."

நாலு பேரும் தலையாட்டினார்கள். பெரியவர் கொப்பியையும் தூக்கிக் காட்டினார். அதிகாரி குறித்துக்கொண்டார். என் குரல் ஏறிவிட்டது என்று எனக்கே தெரிந்தது. கடைசிக்கு வைத்திருந்த துரும்புச் சீட்டை இறக்கினேன்.

"இந்த அக்கா எத்தினை மாசமா வாறா ஐயா. ஆசுப்பத்திரியிலை இவவின்ரை மனிசன் படுக்கையிலை. அவருக்குச் சுடச்சுடச் சோறு கொண்டுபோறா."

அக்கா தலையாட்டவில்லை. கரியரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"இல்லைத் தம்பி. அவர் மோசம்போய் ரண்டு மாசம்."

அப்போதுதான் அவர் முகத்தைப் பார்த்தேன். நெற்றியில் பொட்டு இல்லை. ஒரு மாதமாக என் கண்ணுக்கு நேரே பத்துப் பத்து நிமிடம் நின்ற முகம். நான் கரியரை மட்டும் பார்த்திருக்கிறேன். துடக்குக் காத்து, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடித்து, வெறும் நெற்றியோடு திரும்பி வந்த மனிசியை நான் மேற்படி என்று எழுதியிருக்கிறேன். வெட்கத்தில் என் காது சுட்டது. சுக்கானைப் பிடித்தபடி நின்றேன்.

அதிகாரி பேனையை மூடினார். இனி என்ன, எல்லாம் முடிந்துவிட்டது, ஒன்று பொய்யென்றால் புத்தகம் முழுக்கப் பொய்யாகிவிடும் என்று நினைத்தேன். அவர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அக்காவிடம்தான் கேட்டார்.

"அப்ப இந்தச் சாப்பாடு ஆருக்கம்மா?"

"பக்கத்துக் கட்டில் ஐயாவுக்கு. பிள்ளையள் எல்லாம் வெளிநாட்டிலை. ஆசுப்பத்திரிச் சாப்பாடு குடுக்கிறவைதான், ஆனா அந்த மனிசனுக்கு உறைப்பில்லாட்டி இறங்காது. இவர் இருக்கேக்கை இவரின்ரையிலை ஒரு பங்கு அவருக்கும் குடுக்கிறனான். இவர் போயிட்டார் எண்டு அந்த மனிசன் வாசலைப் பாத்துக்கொண்டு கிடக்கிறதே?"

"பின்னேரப் பாதையிலை கொண்டுபோக ஏலாதோ?"

"கொண்டுபோகலாம். மத்தியானப் பசிக்குப் பின்னேரம் என்னத்தைக் குடுக்கிறது?" என்று அக்கா சாதாரணமாகத்தான் கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பி, "தம்பி சொன்னது பிழையில்லை ஐயா. நான் சொல்லேல்லை, அவர் கேக்கேல்லை. ஆரும் கேக்கிறேல்லைத்தானே" என்றார்.

கரை வந்துவிட்டது. அன்றைக்கு நான் அணைத்த அணைப்பு நல்லது என்று சொல்லமாட்டேன். பலகை இடித்து இறங்கியது. ஐந்து பேரும் அவரவர் திசையில் போனார்கள். அக்கா கரியரை ஆட்டாமல் பேருந்துத் தரிப்பைத் தாண்டி நடந்தார். அதிகாரி அவர் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, புத்தகத்தைக் கேட்டார். கொடுக்க முன்னம் ஒரு நிமிடம் பொறுங்கள் என்று சொல்லி, அன்றைய மேற்படியை ஒரு கோட்டால் வெட்டி, "கணவர் காலமானார். பக்கத்துக் கட்டிலில் உள்ளவருக்குச் சாப்பாடு. முன்னம் எழுதியவை எனக்குத் தெரியாமல் எழுதியவை" என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். மிஸ் பக்கத்தில் தன் கையெழுத்தையும் வைத்தார். அந்த இரண்டு கையெழுத்தும் ஒரே வரியில் இருந்தது எனக்கு இன்றைக்கும் பெருமை.

மூன்று கிழமைக்குப் பிறகு கடிதம் வந்தது. மத்தியானப் பாதை தொடரும் என்று இருந்தது. காரணம் ஒன்றும் எழுதவில்லை. புத்தகத்தைத் திருப்பி அனுப்பியபோது, நான் வெட்டி எழுதிய பக்கத்தில் ஒரு காகிதத் துண்டு அடையாளமாக வைக்கப்பட்டிருந்தது.

மிஸ் பிறகு மாற்றலாகிப் போனார். வாயைப் பொத்திச் சிரித்த அந்த ஒருநாளைத் தவிர, போகும் நாள் வரை கம்பியை விடவில்லை. அந்த நாலாவது பத்தி மட்டும் எங்களோடு நின்றுவிட்டது, கேட்கவோ நிறுத்தவோ மேலே ஒருவரும் இல்லை. நான் ஓய்வுபெறும் வரை ஒருநாளும் மேற்படி எழுதவில்லை. நூறு தரம் வந்தவரையும் அன்றைக்குத்தான் ஏறுகிறவராக நினைத்து முதலில் முகத்தைப் பார்த்தேன். "தெரியாது" என்று எத்தனையோ முறை எழுதினேன், அப்படி எழுதிய நாட்களில்தான் அடுத்த நாள் வேலைக்கு வர அவசரமாக இருந்தது. ரவி கேட்ட நோக்கம் இதற்குள் எங்கேயோ இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு தேடுகிற பொருளாக எனக்கு அது தெரியவில்லை.

அக்காவின் பெயர் பரமேஸ்வரி. பக்கத்துக் கட்டில் ஐயா போன பிறகும் அவர் வந்தார். அந்தக் கட்டிலுக்கு வேறு ஒருவர் வந்திருந்தார், அவ்வளவுதான். இப்போது அவருக்கு முழங்கால் ஏலாது. காரைநகரில் தனியாக இருக்கிறார். வெள்ளிக்கிழமைகளில் என் மனைவி மரக்கறி மட்டும் சமைத்து நாலு அடுக்கிலும் போட்டுத் தருவாள், நான் மத்தியானப் பாதையில் மற்றப் பக்கமாகக் கொண்டுபோவேன். மிதவையில் ஏறி ஓட்டாமல் நிற்க இன்னும் எனக்குக் கால் கூசுகிறது.

போன வெள்ளிக்கிழமைதான் ரவியின் முறை, பயிற்சிக்குப் பிறகு அவரை முதலில் கண்டது அன்றைக்கு. வேறு ஒருவரும் ஏறவில்லை, நான் மட்டுந்தான். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"தூரமோ அண்ணை?"

"கிட்டத்தான்" என்றேன்.

நடுக்கடலில் புத்தகத்தை எடுத்து ஏதோ எழுதினார். காரைநகர்க் கரையில் அவர் கயிறு கட்டப் போன நேரம் பார்த்து, திருடனைப் போல எட்டிப் புத்தகத்தைப் பார்த்தேன். "ஓய்வுபெற்ற ஓட்டுநர். கரியர் கனமாக இருக்கிறது. ஆருக்கென்று தெரியாது. திரும்பி வரும்போது முகத்தைப் பார்க்கவேண்டும்" என்று எழுதியிருந்தார்.

பரமேஸ்வரி அக்கா சாப்பிட்டு முடிய, வெறும் கரியரோடு இறங்குதுறைக்கு வந்தேன். பாதையில் ஏறி, வழக்கமாக நான் நிற்கிற ஓரத்தை விட்டு, முகம் ரவிக்கு நேரே தெரியும்படி வந்து நின்றுகொண்டேன்.